கடைசிப் பலகை

ஆணி தெரியாத வேலையைத்தான் மரவேலையில் உயர்ந்த வேலை என்பார்கள். சுவர் முழுக்கத் தேக்குப் பலகை பதித்திருக்கும், ஓர் ஆணித்தலைகூடக் கண்ணில் படாது. வீட்டுக்காரர்கள் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுல நிக்குது ஆசாரி?" என்று கேட்பார்கள். சென்னீர்குப்பத்தில் எங்கள் பட்டறை அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு கிடையாது. பூந்தமல்லியில் ஒரு பெரியம்மா கேட்டபோதுதான் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் தாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்றால், அவன் ஏன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆனால் முதலில் வேலையைச் சொல்லிவிட வேண்டும். வேலை புரிந்தால்தான் நான் சொல்ல வருவதும் புரியும்.

மெல்லிய பலகையை நேராகச் சுவரில் பதிக்கக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நம் ஊரில் நேராக நிற்கும் சுவர் அபூர்வம். எட்டு மில்லி பிட்டால் துளை போட்டு, பிளக் செருகி, முதலில் ரீப்பர் சட்டங்களைக் குறுக்கே முடுக்குவோம். சட்டத்துக்குச் சட்டம் 16 அங்குலம். சுவர் உள்வாங்கிய இடத்தில் பின்னால் சக்கை வைத்து ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பார்ப்போம். செங்கல் சுவர் என்றால் கவலை இல்லை. இப்போது வருகிற அடுக்குமாடி வீடுகளின் லேசான பிளாக் சுவரில் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்கென்று நீள பிளக் வாங்க வேண்டும். வெளிச்சுவராக இருந்தால் ஈரம் வரும், கரையான் வரும். சட்டத்துக்கு மருந்து அடித்து, காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். இதெல்லாம் பலகை ஏறுவதற்கு முன்னால். ஏறிய பிறகு இதில் எதையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

பலகைக்கு ஒரு விளிம்பில் நாக்கு இருக்கும், மறு விளிம்பில் காடி இருக்கும். நாக்கின் அடியில் 45 டிகிரி சாய்வாகத் தலையில்லாத பின்னை அடித்து, பன்ச் வைத்து உள்ளே இறக்குவோம். அடுத்த பலகையின் காடி வந்து அந்த நாக்கின் மேல் உட்காரும்போது பின் மறைந்துவிடும். இப்படி ஒன்றை ஒன்று மூடிக்கொண்டே சுவர் முழுக்கப் போகும்.

ஆணியை மறைப்பது அழகுக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அழகு பாதிக் காரணம்தான். மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், விடும். நீளவாக்கில் அசைவு அநேகமாகக் கிடையாது, அகலவாக்கில்தான் எல்லாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பருக்கும், அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும். இரண்டு விளிம்பிலும் ஆணியை அடித்து இறுக்கிவிட்டால், சுருங்கும் காலத்தில் போக இடமில்லாமல் நடுவில் பிளந்துவிடும். நாக்குப் பக்கம் மட்டும் பிடித்தால் மறு விளிம்பு காடிக்குள் தாராளமாகப் போய்வரும். பலகை கீழே விழவும் செய்யாது, பிளக்கவும் செய்யாது. தாங்கினால் போதும், நெரிக்கக் கூடாது. இதை அப்பா வாயால் சொன்னதில்லை. நான் அடித்த பின்களைக் குறடு போட்டுப் பிடுங்கிக் காட்டுவார்.

ஆறு மில்லி வினீர் பிளையில் செய்யும் பெரிய பேனலுக்கு வேறு வழி உண்டு. ஒரு சட்டத்தை நடுவே சாய்வாக அறுத்து இரண்டாக்குவோம். ஒரு பாதி சுவரில், இன்னொரு பாதி பேனலின் முதுகில். பேனலைத் தூக்கி மாட்டினால் சாய்வு சாய்வில் போய் உட்காரும். பேனலின் கனமே அதைச் சுவரோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். பேனல் முதுகில் இருக்கும் பாதி பாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, சுவர்ப் பாதியிடம் கொடுத்துவிடும். உட்காரத் தோதாக இருக்கிறது, அவ்வளவுதான். பாரம் முழுவதும் சுவரில் இருக்கிற பாதிக்கு.

பாலிஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, எப்போதும் ரேகையோடு. தூசியைத் துடைத்து சீலர். மறுபடி லேசாகத் தேய்த்து மெலமைன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பலகையின் முதுகுக்கும் சீலர் அடிக்க வேண்டும். முகத்துக்கு மட்டும் அடித்தால் முதுகு வழியாக ஈரம் ஏறி, பலகை கிண்ணம்போல் குழிந்துவிடும். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கப்போகிற, ஆயுளுக்கும் ஒருவர் கண்ணிலும் படாத பக்கம் அது. அதற்கும் அதே கை, அதே சரக்கு.

இந்த முறைக்கு ஒரே ஓர் இடத்தில் வழியில்லை. கடைசிப் பலகை. மூலைக்கு வந்து சேரும்போது முழுப் பலகைக்கு இடம் இருக்காது. அகலத்தை அளந்து, நாக்குப் பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டுத்தான் பொருத்த முடியும். பிடிப்பதற்கு அதற்கு நாக்கே இருக்காது. அங்கே ஆசாரி வேறு வேலை செய்ய வேண்டும். முதுகில் பசை தடவி, ஓரத்தில் முகத்திலேயே பின் அடித்து, மேலே மூலை பீடிங் வைத்து மூடுவோம். மற்ற பலகைகள் எல்லாம் தங்கள் நாக்கால் பிடிபட்டு நிற்கும். இது மட்டும் தன் பங்குக்கு எதையும் கொடுக்க முடியாத நிலையில் வந்து சேர்கிற பலகை. சுவரில் விழாமல் நிற்பதில் அதற்கும் மற்றவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது.

இனி அந்தப் பெரியம்மா. பூந்தமல்லியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஹாலில் ஒரு சுவருக்குப் பேனலிங் முடித்திருந்தோம். பெரிய மகன் அமெரிக்காவில், வேலை அவர் செலவு. சின்ன மகன் பைபாஸில் லாரி மோதிப் போய்விட்டான். அவன் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் புதுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார்கள். மெல்லிய பலகையில் கொக்கி போட்டால் கனம் தாங்காது, பின்னால் ரீப்பர் ஓடுகிற இடத்தில் போட வேண்டும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். சட்டம் இல்லாத இடம் டொப்பென்று கேட்கும். சட்டம் உள்ள இடத்தில் சத்தம் அடங்கிக் கெட்டியாக வரும்.

"என்ன ஆசாரி தட்டறீங்க?"

"உள்ளே சட்டம் எங்க இருக்குன்னு பார்க்கிறேம்மா."

"கண்ணுக்குத் தெரியாதது தட்டினா தெரிஞ்சிடுமா?" என்றார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "எம்புள்ளைய ஒருத்தன் தாங்கிட்டு இருந்தான்னா, அன்னிக்கு ஒரு தரமாவது கண்ணுல தெரிஞ்சிருக்கலாமே. வாயத் தொறந்து பெருமாளேன்னு சொல்லக்கூட அவனுக்கு நேரமில்லையே. அப்படிப் போனவன் எங்க போவான்?" என்றார்.

இரண்டு கேள்விகள். முதல் கேள்வி உலகத்தில் எல்லா மொழியிலும் கேட்கப்பட்டது. இரண்டாவது அவருடைய சொந்தக் கேள்வி, ஒரு தாயுடையது. அதற்குத்தான் அவர் பதில் வேண்டி நின்றார்.

முதல் கேள்விக்கு நெருங்கிய ஒன்றைப் பிரகதாரண்யக உபநிஷதத்தில் உத்தாலகர் கேட்கிறார். யாக்ஞவல்கியர் சொல்கிற பதிலின் சாரம் எனக்குத் தெரிந்த அளவில் இது. மண்ணுக்குள் இருக்கிறான், மண்ணுக்கு அவனைத் தெரியாது, மண் அவனுக்கு உடம்பு, உள்ளிருந்து அவனே அதை நடத்துகிறான். மண்ணில் தொடங்கி நீர், நெருப்பு, காற்று, கண், மனம் என்று ஒவ்வொன்றாக இதையே சொல்லிக்கொண்டு போகிறார். இதைத் தன் மதத்துக்கு அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டவர் ராமானுஜர். 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே நெடுஞ்சாலையில் இருக்கிறது அவர் ஊர். எதை ஒரு சேதனன், அதாவது அறிவுள்ளவன், முழுமையாகத் தாங்குகிறானோ, நடத்துகிறானோ, எது அந்தச் சேதனனுக்காகவே இருக்கிறதோ, அதுதான் அவனுக்கு உடம்பு என்று அவர் வரையறுத்தார். உலகமும் உயிர்களும் பெருமாளுக்கு அந்த வகையில் உடம்பு. அவன் பார்வைக்கு அகப்படாதது தூரத்தில் இருப்பதால் இல்லை. முதுகுக்குப் பின்னால், ஒட்டிக்கொண்டு இருப்பதால்.

அப்படித் தாங்குகிறவன் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டால் மனிதன் எதற்கு, பாவம் புண்ணியம் எதற்கு என்று கேட்பார்கள். ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு ராமானுஜர் இடம் வைத்திருக்கிறார். முதல் முயற்சி உயிருடையது. அதைப் பார்த்து உள்ளிருப்பவன் அனுமதி கொடுத்து நடத்துகிறான் என்கிறார். ஒரு வைணவப் பெரியவர் இதைப் பூந்தமல்லிக் கோயிலில் உபந்நியாசமாகச் சொல்லக் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு விளிம்பைப் பிடித்து, மறு விளிம்பை விட்டு வைத்திருக்கிறான். பருக்கவும் சுருங்கவும் இடம் கொடுத்துத் தாங்குகிறான். இரண்டு பக்கமும் முடுக்கியிருந்தால் நாம் எப்போதோ பிளந்திருப்போம்.

ஆணியைப் பார்வைக்கு விட்டால் கண் மரத்தைப் பார்க்காது, ஆணியைத்தான் பார்க்கும். தேக்கின் ரேகை தேக்கினுடையதாகத் தெரிய வேண்டும் என்றால் பிடித்திருப்பது பின்னால் போக வேண்டும். மனிதன் மனிதனாக, மரம் மரமாக இருக்கட்டும் என்றுதான் அவன் பின்னால் போய் நிற்கிறான் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் பாலிஷ் மேஸ்திரி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். கறுப்புச் சட்டைக்காரர். கை சுத்தமான வேலைக்காரர். பலகையின் முதுகுக்கு நான் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். அவர் கேட்பது இது: "அண்ணே, பின்னால சட்டமே இல்லாம வெறும் பசையில ஒட்டின பேனலும் மொத நாள் இதே மாதிரிதான் இருக்கும். தெரியலங்கிறதால உள்ள இருக்குன்னு எப்படிச் சொல்வீங்க? அதுவும், விழுந்துக்கிட்டேதான இருக்கு தெனமும்? அந்தப் பையன் விழலியா?"

நியாயமான கேள்வி. மழுப்பிப் பதில் சொன்னால் அவருக்கும் மரியாதை இல்லை, பெருமாளுக்கும் மரியாதை இல்லை. மறைந்திருப்பது என்ற ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது; அவர் சொன்னது சரி. எங்கள் தொழிலிலேயே மறைவைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. 16 அங்குலத்துக்குப் போட வேண்டிய சட்டத்தை 3 அடிக்குப் போடுவார்கள். பழைய பெட்டிப் பலகையைக் கிழித்து ரீப்பராக்குவார்கள். இரண்டு மழைக்காலம் போனால் நடுவில் உப்பிக்கொண்டு வரும். அதற்குள் காசு வாங்கியவர் போன இடம் தெரியாது. ஆகவே பின்னால் எதுவோ இருக்கிறது என்று சொல்கிற ஒவ்வொருவரையும் நம்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சை வைத்தே உண்டியலை நிரப்புகிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால் விழுகிறதே என்பதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. ராமானுஜர் சொல்கிற தாங்குதல், ஒன்றுமே உடையாது என்ற உறுதிமொழி கிடையாது. எது இருக்கிறதோ அது இருப்பதே அவனால் என்பதுதான். உடைந்த பலகையும் இருக்கிறது. பைபாஸில் விழுந்த பையனின் உயிரும் அந்தத் தாங்குதலுக்கு வெளியே போய்விடவில்லை. இதை என்னால் மேஸ்திரிக்குத் தட்டிக் காட்ட முடியாது. நான் நம்புகிறேன், அவர் நம்பவில்லை. இருவரும் ஒரே சுவரில் வேலை செய்கிறோம். அந்தப் பையன் ஏன் அன்றைக்கு விழுந்தான் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதாகச் சொல்கிறவர் முன்னால் அந்தத் தாயை உட்கார வைக்கவும் மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது எங்கள் பக்கத்து ஊர்க்காரர் வழியாக வந்தது. திருக்கச்சி நம்பி பிறந்தது பூந்தமல்லி. வைசிய குலம். இங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போய் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்துவார் என்பார்கள். காஞ்சியில் அவர் செய்தது ஆலவட்டக் கைங்கரியம், அதாவது பெருமாளுக்கு விசிறி வீசுவது. தரிசனத்துக்கு வருகிறவர்கள் பெருமாளைப் பார்ப்பார்களே தவிர விசிறி பிடித்த கையை யார் பார்ப்பார்கள்? அந்தக் கைக்காரரிடம்தான் பெருமாள் பேசினார் என்கிறது குருபரம்பரை.

ராமானுஜருக்கு மனதில் சில சந்தேகங்கள். அவ்வளவு படித்தவர், பெருமாளை நேரே போய்க் கேட்கவில்லை. நம்பியிடம்தான் கேட்டுச் சொல்லும்படி வேண்டினார். என்ன சந்தேகம் என்றுகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. பெருமாள் நம்பியிடம் ஆறு வார்த்தைகள் சொல்லி அனுப்பினார். தானே பரம்பொருள், உயிரும் இறைவனும் வேறு வேறு, சரணாகதியே வழி, சரணடைந்தவனுக்குக் கடைசி நேர நினைவு கட்டாயம் இல்லை, உடம்பு விழும்போது மோட்சம், பெரிய நம்பி என்கிற வேறொரு பெரியவரை ஆசாரியராகக் கொள்ள வேண்டும். ஆறும் பெரிய வார்த்தைகள்தான். அந்த வீட்டு ஹாலில் நின்றபோது எனக்கு நான்காவது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

ராமானுஜரையே பெருமாள் ஏன் நேரில் அழைத்துச் சொல்லவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தத்துவம் எழுதப் போகிறவருக்கு மறைந்தே இருந்துகொண்டு, விசிறி வீசுகிறவருக்கு வாய் திறந்திருக்கிறார். அந்த நம்பியைக் குருவாகக் கொள்ள ராமானுஜர் ஆசைப்பட்டார், அவர் உண்ட மிச்சத்தை உண்ணவும் ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் குலம் குறுக்கே நின்றது. ராமானுஜர் மனதில் அது குறுக்கே நிற்கவில்லை. உளி பிடிக்கிற கையோடு கோயிலுக்குப் போகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான்காவது வார்த்தைக்குப் பின்னால் வராகப் பெருமாளின் வாக்காகச் சொல்லப்படுகிற ஒன்று உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்போது ஒருவன் ஒருமுறை என்னை நினைத்திருந்தால் போதும். முடிவில் அவன் மரமாக, கல்லாக, நினைவில்லாமல் கிடக்கும்போது அவனை நான் நினைக்கிறேன், நானே கூட்டிப் போகிறேன் என்பது அதன் கருத்து. நினைக்கிற வேலை கடைசியில் கைமாறிவிடுகிறது. வடகலையும் தென்கலையும் குரங்குக் குட்டி, பூனைக்குட்டி என்று நூற்றாண்டுகளாக வாதாடுகிறார்கள். குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, தாயே கவ்விக்கொண்டு போவாளா என்று. முதுகில் சாய்ந்த பாதிச் சட்டம் பேனலுக்கும் வேண்டும், ஆகவே வடகலையை என்னால் தள்ள முடியாது. ஆனால் மூலைக்கு வந்துவிட்ட கடைசிப் பலகைக்கு அந்தச் சட்டமும் இல்லை, நாக்கும் இல்லை. அதை ஆசாரிதான் பிடிக்க வேண்டும், பிடிக்கிறான். அங்கே தென்கலை சொல்வதுதான் சரி என்பது என் தீர்மானம்.

பெரியம்மாவிடம் இவ்வளவு சொல்லவில்லை. மூலைக்கு அழைத்துப் போய்க் கடைசிப் பலகையைக் காட்டினேன். இதற்கு நாக்கில்லை, மற்றதைப் போலவே நிற்கிறது, பிடிக்கிற வேலை என்னுடையது என்றேன். பிறகு நான்காவது வார்த்தையைச் சொன்னேன். பையன் சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனவன்தானே என்று கேட்டேன். போனவன்தான் என்றார். "பெருமாளே சொன்னாரா? யார்கிட்ட?" என்றார். "நம்ம ஊர் நம்பிகிட்டம்மா" என்றேன். கொக்கியைச் சட்டத்தில் ஏற்றிப் படத்தை மாட்டிவிட்டு வந்தேன்.

மறைந்திருப்பதைப் பற்றி இன்னொன்று. குளத்துக்கடியில் வைத்திருக்கிற அத்திமரப் பெருமாளான அத்திவரதரைப் பார்க்க, 2019-ல் காஞ்சிபுரத்தில் நானும் வரிசையில் நின்றேன். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் 17 வரை நின்ற கோலம், மொத்தம் 48 நாள். 1939, 1979-க்குப் பிறகு அப்போதுதான் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து வெளியே வந்தார். தொழில்காரன் கண்ணோடு சொல்கிறேன், அத்தி உறுதியான மரம் கிடையாது. வெளியே மழையிலும் வெயிலிலும் போட்டால் சில வருஷத்தில் உளுத்துவிடும். தண்ணீருக்கடியில் காற்று படாததால் பூஞ்சையும் பூச்சியும் அண்டுவதில்லை. அவர் குளத்துக்குள் இருந்த நாற்பது வருஷமும் மேலே கல் மூர்த்திக்குத் திருவாராதனம் நடந்துகொண்டேதான் இருந்தது. அத்திவரதர் இல்லாமல் போய்விட்டார் என்று காஞ்சியில் ஒருவரும் சொன்னதில்லை. அடுத்து அவர் வெளியே வருவது 2059-ல்.

வீட்டுக்குப் பேனலிங் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகை ஏறுவதற்கு முந்தின நாள் போய்ச் சட்டத்தைப் பாருங்கள். இடைவெளியை அளந்து பாருங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கொக்கி போட உதவும். பலகையின் முதுகுக்கு சீலர் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளாத ஆசாரியிடம் வேலையைக் கொடுங்கள். பூந்தமல்லிப் பக்கம் வந்தால் வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பியையும் சேவித்துவிட்டுப் போங்கள். அவர் திருநட்சத்திரம் மாசி மாதம், மிருகசீரிடம்.